மோசஸ் பாட்டியின் சர்க்கரைக் காடு



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன எவை? அரசர்கள், போர்கள், கோட்டைகள், ஒப்பந்தங்கள். பாடநூல்களும் பெரும்பாலும் அவற்றைத்தான் சொல்கின்றன. இன்றைய உரையில் நாம் காணப்போவதோ ஓர் ஓவியம். அதில் அரசர் இல்லை. வாளும் வேலும் இல்லை. ஒரு குடும்பம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறது. மரத்தில் வடிந்த நீரைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுகிறது. பிள்ளைகள் பாகு தின்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

அதைத் தீட்டியவர் ஓவியப் பள்ளிக்குப் போனவர் அல்லர். 12 வயதில் பிறர் வீட்டு வேலைக்குப் போனவர். 70 வயதைக் கடந்த பிறகுதான் ஓவியமே தம் வேலை என்று அமர்ந்தார். அமெரிக்க மக்கள் அவரை அன்போடு ‘கிராண்ட்மா மோசஸ்’ என்று அழைத்தார்கள். நாமும் மோசஸ் பாட்டி என்றே அழைப்போம்.

இத்தனை தொலைவிலுள்ள ஒரு பாட்டியைப் பற்றித் தோட்டப்புறத்தில் வாழும் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? காரணம் இருக்கிறது. அந்தப் படத்தில் உள்ளவர்கள் மரத்துக்கு மரம் வாளி மாட்டுகிறவர்கள். விடிந்தும் விடியாமலும் மரத்தடிக்குப் போகும் வாழ்க்கை நமக்குப் புதிதா?

முதலில் அந்த மரத்தைப் பற்றி அறிவோம். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் மேப்பிள் என்றொரு மரம் வளர்கிறது. பனிக்காலம் முடியும் தறுவாயில், இரவில் தண்ணீர் உறையும் குளிரும் பகலில் பனி உருகும் வெயிலும் மாறி மாறி வரும். அந்த நான்கு முதல் ஆறு வாரங்களில்தான் மேப்பிள் மரத்தினுள் இனிப்பு நீர் ஓடும். மரத்தில் சிறு துளை போட்டு, அதில் குழாய் ஒன்றைச் செருகி, குழாயில் வாளியைத் தொங்கவிடுவார்கள். நீர் சொட்டுச் சொட்டாக விழும். வாளிகளில் சேர்ந்த நீரைத் தோளில் சுமந்தும், பனியில் வழுக்கிச் செல்லும் சறுக்கு வண்டியில் ஏற்றியும் காய்ச்சும் இடத்துக்குக் கொண்டு வருவார்கள்.

பால்மரம் வெட்டிய கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு இரண்டொன்றுதான். நாம் பட்டையை மெல்லியதாகச் சீவுகிறோம். அவர்கள் மரத்தைத் துளைக்கிறார்கள். நமக்கு வடிவது வெள்ளைப் பால். அவர்களுக்கு வடிவது தண்ணீர் போன்ற நீர். நாம் மங்கு வைத்தோம். அவர்கள் வாளி மாட்டினார்கள். மரத்துக்குக் காயம் ஆழமாகப் படக்கூடாது, காயம் ஆற வேண்டும், அடுத்த ஆண்டும் மரம் கொடுக்க வேண்டும் என்ற கவலை இருவருக்கும் ஒன்றே.

அந்த நீரைக் காய்ச்சுவது பெரும் பாடு. ஏறத்தாழ 40 வாளி நீரை வற்றக் காய்ச்சினால்தான் ஒரு வாளி பாகு கிடைக்கும். அதை மேலும் காய்ச்சினால் சர்க்கரைக் கட்டி. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்ததை ஊரில் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தப் பக்குவம் எளிதில் விளங்கும். கொதிக்கும் பாகைக் கரண்டியில் மொண்டு, வெண்பனியின் மேல் ஊற்றுவார்கள். அது உடனே இறுகி, மிட்டாயாக மாறும். அதை எடுத்துத் தின்னத்தான் பிள்ளைகள் காத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு அது வேலை நாள். சிறியவர்களுக்கு அதுவே திருநாள்.

வெள்ளையர் அங்கே குடியேறுவதற்கு முன்பே அம்மண்ணின் பூர்வ குடிமக்கள் மேப்பிள் நீரைச் சேகரித்துக் காய்ச்சும் கலையை அறிந்திருந்தார்கள். வந்தவர்கள் அவர்களிடமிருந்தே கற்றார்கள்.

சர்க்கரையின் வரலாற்றில் நம் முன்னோர்க்கும் பங்கு உண்டு. அக்காலத்தில் அமெரிக்கக் கடைகளில் விற்ற கரும்புச் சர்க்கரையின் பெரும்பகுதி அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. ஆகவே, அடிமை முறையை எதிர்த்த நல்லோர் பலர், கரும்புச் சர்க்கரையை விட்டு மேப்பிள் சர்க்கரையை உண்ணுங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். பிரிட்டன் தன் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833இல் நிறைவேற்றியது. அடிமைகள் விடுதலை பெற்ற பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் தேவையே இந்தியக் கூலிகளை ஒப்பந்தத்தில் கட்டி மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேற்றியது. மலாயாவிலும், ரப்பர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். மலாயாவில் இந்தியருக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910இல்தான் ஒழிக்கப்பட்டது. ஒரு கரண்டிச் சர்க்கரைக்குப் பின்னால் எத்தனை பேருடைய வியர்வை இருக்கிறது பாருங்கள்!

இனி மோசஸ் பாட்டியின் கதைக்கு வருவோம். அவருடைய இயற்பெயர் அன்னா மேரி ராபர்ட்சன். 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளுள் அவர் மூன்றாமவர். அவருடைய தந்தை பிள்ளைகளுக்கு மிட்டாய்க்குப் பதிலாக வெள்ளைக் காகிதம் வாங்கிக் கொடுப்பாராம். தாள் ஒன்று ஒரு காசு. மிட்டாய் கரைந்துவிடும், காகிதத்தில் வரைந்தால் நெடுநேரம் பொழுது போகும் என்பது அவர் கணக்கு. வண்ணம் வாங்கப் பணமில்லாத அந்தச் சிறுமி திராட்சைச் சாற்றைத் தொட்டுப் படம் வரைந்தாள்.

அந்தப் பருவம் நீளவில்லை. 12 வயதில் வசதியுள்ள ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். சமைத்தல், துவைத்தல், தைத்தல் என 15 ஆண்டுகள் அப்படிக் கழிந்தன. 1887இல், தம்மைப் போலவே பண்ணையில் கூலிக்கு உழைத்த தாமஸ் மோசஸ் என்பவரை மணந்தார். இருவரும் தெற்கே வர்ஜீனியா மாநிலத்துக்குப் போய்ப் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழைத்தார்கள். வெண்ணெய் கடைந்து விற்றும், உருளைக்கிழங்கு வறுத்து விற்றும் அந்த அம்மையார் குடும்ப வருவாயைப் பெருக்கினார். பிறந்த பிள்ளைகள் பத்து. பிழைத்தவை ஐந்து. மற்ற ஐந்தையும் வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கு மண்ணில் புதைத்துவிட்டு, 1905இல் குடும்பம் நியூயார்க் மாநிலத்துக்குத் திரும்பியது. ஈகிள் பிரிட்ஜ் என்ற சிற்றூரில் சொந்தப் பண்ணை அமைந்தது.

ஓவியம் அவர் வாழ்வில் மீண்டும் எட்டிப் பார்த்தது 1918இல். வீட்டுச் சுவருக்கு வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தபோது, கணப்படுப்பின் வாயை மூடும் பலகைக்குக் காகிதம் போதவில்லை. சுவருக்குப் பூசும் வண்ணத்தை எடுத்து அப்பலகையில் ஓர் இயற்கைக் காட்சியைத் தீட்டிவிட்டார். தேவை கருதிச் செய்த வேலைதான் அது. அதன் பிறகும் மாடும் கோழியும் சமையலும் அவரை விடவில்லை.

1927இல் கணவர் காலமானார். 1932இல் காசநோயுற்ற மகள் அன்னாவைப் பராமரிக்க அவள் வீட்டுக்குப் போனார். கம்பளி நூலால் துணியில் படம் தைத்துத் தரும்படி கேட்டவள் அந்த மகள்தான். தாய் தைத்தார். மகள் பிழைக்கவில்லை. தாயை இழந்த பேரப்பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டு பாட்டி சில காலம் அங்கேயே இருந்தார். பின்னர், மூட்டுவலியால் விரல்கள் ஊசி பிடிக்க மறுத்தன. அப்போது அவருடைய தங்கை, தூரிகை பிடிப்பது ஊசியைவிட எளிதாக இருக்குமே என்று யோசனை சொன்னார். வலிக்கும் கைக்கு ஏற்ற வேலையாகத் தூரிகை வந்து சேர்ந்தது. பாட்டிக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல்.

அவர் படம் தீட்டிய முறையும் ஓர் இல்லத்தரசியின் முறையே. அழுத்திச் செய்த மரப்பலகையை வெட்டி, மூன்று பூச்சு வெள்ளை அடித்துக் காய வைப்பார். மேசை மீது பலகையைக் கிடத்தி, மேலிருந்து கீழாகத் தீட்டுவார். முதலில் வானம், பிறகு மலை, பிறகு நிலம், மரம், வீடு, மனிதர்கள் கடைசியில். பனி வெயிலில் மின்னுவதைக் காட்ட மினுமினுப்புத் தூளைத் தூவுவார். ஓவியர் யாரும் இப்படிச் செய்வதில்லை என்று சொல்லிப் பார்த்தார்கள், அவர் கேட்கவில்லை. பனி மின்னுவதைக் கண்ணால் கண்டவராயிற்றே!

ஊர்ச் சந்தையில் ஜாமும் பழப்பாகும் வைத்தார், படங்களையும் வைத்தார். ஜாமுக்குப் பரிசு கிடைத்தது, படத்துக்குக் கிடைக்கவில்லை. பிறகு ஹூசிக் பால்ஸ் என்ற அருகூரின் மருந்துக்கடைச் சன்னலில் சில படங்கள் தூசி படிந்து கிடந்தன. விலை மூன்று டாலர், ஐந்து டாலர். 1938இல் அவ்வழியாக வந்த லூயி கால்டோர் என்ற ஓவியச் சேகரிப்பாளர் அவற்றைக் கண்டு, அனைத்தையும் வாங்கிக்கொண்டு, பாட்டியைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். பாட்டி அப்போது வீட்டில் இல்லை. மாமியாரிடம் இன்னும் பத்துப் படங்கள் இருப்பதாக மருமகள் சொல்லிவிட்டார். பாட்டி வந்து தேடினால் ஒன்பதுதான் இருந்தன. சொன்ன சொல் பொய்க்கக்கூடாதே! பெரிய படம் ஒன்றை இரண்டாக வெட்டிச் சட்டம் மாட்டிப் பத்தாக்கினார். குடும்பத்தின் வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

1939இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் அவருடைய மூன்று படங்கள் இடம்பெற்றன. 1940இல், நாஜிகளின் ஆதிக்கத்துக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்த ஆட்டோ காலிர் என்பவர், ‘ஒரு பண்ணைக்காரப் பெண் தீட்டியவை’ என்ற தலைப்பில் பாட்டிக்கெனத் தனிக்கண்காட்சி வைத்தார். புகழ் பரவியது. 1949இல் அமெரிக்க அதிபர் ட்ரூமன் கையால் விருது பெற்றார். வாழ்த்து அட்டைகளில் அவருடைய படங்கள் லட்சக்கணக்கில் அச்சாகி வீடுவீடாகச் சென்றன. 1961ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், தமது 101ஆம் வயதில் மறைந்தார். அதுவரை 1,500க்கும் மேற்பட்ட படங்களைத் தீட்டியிருந்தார்.

அவற்றுள் நாம் தேர்ந்தெடுத்தது 1943இல் தீட்டிய ‘சுகரிங் ஆஃப்’ என்ற படம். தமிழில் சொல்வதானால் ‘சர்க்கரை காய்ச்சும் நாள்’. இந்தக் காட்சியை அவர் ஒரு முறையல்ல, பல முறை தீட்டினார். எங்கும் வெண்பனி. இலையுதிர்ந்த மரங்கள். தீயின் மேல் கொதிக்கும் கொப்பரை. வாளி சுமக்கும் ஆட்கள். இழுவை மாடோ குதிரையோ பூட்டிய சறுக்கு வண்டி. பனியில் ஊற்றிய பாகுக்காகக் கூடியிருக்கும் பிள்ளைகள். யாரும் சும்மா நிற்கவில்லை. முதியவர், இளையவர், குழந்தை என்று ஒரு குடும்பத்தின் எல்லாத் தலைமுறைகளுக்கும் அந்தப் பலகையில் இடமுண்டு. மற்றும் சில படங்களில், பனிப்பாதையில் வண்டியேறிப் பாட்டி வீட்டுக்குப் போகும் பேரப்பிள்ளைகளைக் காண்கிறோம். சிறுமியாய் இருந்தபோது கண்டதை, பாட்டியான பிறகு தீட்டினார். 1943ஆம் ஆண்டின் அந்தச் சர்க்கரைப் படம் 2006இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

ஆனால், நேயர்களே, விலையைக் கண்டு நாம் மயங்க வேண்டாம். வரலாறு படிப்பவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தப் படம் உண்மையைச் சொல்கிறதா?

பாதி சொல்கிறது என்றே நாம் கருதுகிறோம். பாட்டி முழுக்க நினைவிலிருந்து மட்டும் வரையவில்லை. பழைய அச்சுப் படங்களிலும் செய்தித்தாள்களிலும் இருந்த உருவங்களை வெட்டி வைத்து, அவற்றைப் பார்த்தும் படியெடுத்தும் வரைந்தார். சர்க்கரைக் காட்சிக்கும் அப்படியொரு பழைய அச்சுப் படம் உதவியது. மேலும், அவர் தம் படங்களில் மகிழ்ச்சியான நாள்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார். 12 வயதில் வேலைக்குப் போன சிறுமியின் களைப்பை அந்தப் பனியில் நாம் காணவில்லை. ஐந்து சின்னஞ்சிறு கல்லறைகளைக் காணவில்லை. அவற்றை அறிய, 1952இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலைத்தான் நாட வேண்டும். படம் திருநாளைச் சொன்னது. எழுத்து மற்ற நாள்களைச் சொன்னது. இரண்டும் இருப்பதால் ஒரு முழு வாழ்க்கை நமக்குக் கிடைத்தது.

இங்கே நம் நெஞ்சைத் தொடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் படம் தீட்டப்பட்ட ஆண்டு 1943. நம் குடும்பங்களில் அந்த ஆண்டை மறக்க முடியுமா? ஜப்பானியர் ஆட்சிக்காலம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில்பாதை போடுவதற்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதை அது. 1943 அக்டோபரில் இருமுனைத் தண்டவாளமும் இணைந்தது. காலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் எத்தனையோ பேர். பல வீடுகளுக்குத் தந்தை திரும்பவில்லை.

அதே பாதையில் உழைத்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் சிலர் உயிரைப் பணயம் வைத்துப் படங்கள் வரைந்து மறைத்து வைத்திருந்தார்கள். ரொனால்ட் சியர்ல் என்ற கைதி வரைந்த படங்கள் இன்று லண்டன் போர்க் காட்சிசாலையில் உள்ளன. நம்மவர் வரைந்த படங்கள் எங்கே? காகிதமும் பென்சிலும் பிடிக்கக் கற்பிக்கப்படாத கைகள் அவை. அவர்கள் கண்டதெல்லாம் வாய்ச்சொல்லாக மட்டுமே வந்தது. சொன்னவர் மறைந்தபோது சொல்லும் மறைந்தது. திரும்பி வந்தவர்களைப் பிற்காலத்தில் தேடிப்பிடித்துக் கேட்டு எழுதி வைத்ததால்தான் சில செய்திகளாவது நமக்கு எஞ்சின.

தோட்ட வாழ்க்கையும் இன்று அதே நிலையில் நிற்கிறது. ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. வேறு பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லயம், பிரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, பால் நிறுக்கும் ஸ்டோர் என்று நாம் சொன்னால், நகரத்தில் பிறந்த பேரப்பிள்ளை அகராதியைத் தேடும் காலம் வந்துவிட்டது. காண்டாவாளி சுமந்து தோள் காய்த்த பாட்டி அடுக்குமாடி வீட்டில் சன்னலருகே உட்கார்ந்திருக்கிறார். அவர் தலைக்குள் ஒரு தோட்டமே இருக்கிறது. அதைக் கேட்பார் இல்லை.

நம் படம் அமெரிக்கப் பாட்டியின் படத்தைப் போல் இருக்க வேண்டியதில்லை. மேப்பிள் காட்டில் பிள்ளைகள் விளையாடினார்கள். நம் ரப்பர் காட்டிலோ பல பிள்ளைகள் ஒட்டுப்பால் பொறுக்கவும் மங்கு துடைக்கவும் நிரைக்குள் போனார்கள். அது உல்லாசப் பயணம் அன்று. வீட்டுக்கு இன்னொரு கை தேவைப்பட்டது. அதனால் பள்ளிப் படிப்பை இழந்தவர் பலர். அதையும் மறைக்காமல் வரைய வேண்டும். கூடவே, தைப்பூசத்துக்கு லாரியில் ஏறிப் போனதையும், தோட்டத்துக் கோயில் திருவிழாவையும், திடலில் திரை கட்டிப் படம் பார்த்த இரவையும் வரைய வேண்டும். துன்பத்தை மட்டும் சொன்னால் அவர்கள் மனிதர்களாய் வாழ்ந்தது மறைந்துவிடும். இன்பத்தை மட்டும் சொன்னால் அவர்கள் பட்ட பாடு மறைந்துவிடும்.

ஆகவே நாம் ஒன்று செய்வோம். வருகிற விடுமுறையில், பாட்டியையோ தாத்தாவையோ பேரப்பிள்ளைகளோடு சேர்த்து, அவர்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கு ஒரு முறை அழைத்துச் செல்வோம். தோட்டம் மாறியிருக்கும், லயம் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கும். ஆனாலும், கோயில் இங்கே, கிணறு அங்கே, நம் வீடு இத்தனையாவது கதவு என்று பாட்டி கைகாட்டுவார். மோசஸ் பாட்டியின் தந்தையைப் போல் மிட்டாயோடு ஓரிரு வெள்ளைத் தாளையும் எடுத்துச் செல்வோம். பாட்டி சொல்லச் சொல்லப் பேரன் வரையட்டும். பேத்தி வண்ணம் தீட்டட்டும். முடிந்தால் பாட்டியின் கையிலும் ஒரு வண்ணப் பென்சிலைக் கொடுப்போம். கோடு கோணலாய் இருந்தால் குற்றமில்லை. மோசஸ் பாட்டியின் கோடும் நேரானது அன்று.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். படத்தின் பின்புறத்தில் தோட்டத்தின் பெயர், ஆண்டு, படத்தில் உள்ளவர்களின் பெயர் மூன்றையும் எழுதி வைப்போம். பெயர் எழுதாத படம் பத்தாண்டில் யாருடையதோ ஆகிவிடும். எழுதி வைத்தால் அது அந்தக் குடும்பத்தின் வரலாற்று ஏடாகும்.